யார் வேண்டுமானாலும் எழுதலாம்... யாரை நம்புவது?



ஆண்டு மலருக்குக் கட்டுரை தரச் சொல்லி யூனியன் நண்பர்கள் நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டியபோது, நமக்கு எங்கே எழுத வரப்போகிறது என்று தாண்டிப் போய்விட்டேன். எனக்குக் கவிதை வராது. கதையும் வராது. ஆனால் போன வருஷம் நான் ஒரு மோட்டாரை எரித்தேன். அதிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொண்டேன். அதை உங்களிடம் சொன்னால் இன்னொரு மோட்டாராவது பிழைக்கும் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

எங்கள் வீட்டில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான்தான். அப்பா கையெழுத்துப் போடுவார், அதோடு சரி. அதனால் எங்கள் தெருவில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும், "அந்தப் பையனைக் கேளு, அவன் நெட்டுல பார்த்துச் சொல்லுவான்" என்று என்னிடம் அனுப்பிவிடுவார்கள். மாத்திரைச் சீட்டு, பட்டா நகல், கேஸ் மானியம் எல்லாமே என்னிடம்தான் வரும். நானும் செல்போனைத் தட்டிப் பார்த்து, பெரிய ஆபீசர் மாதிரி பதில் சொல்லுவேன்.

போன கோடை லீவில் மாமா கூப்பிட்டார். ரெண்டு ஏக்கரில் வாழை போட்டிருந்தார். கிணற்றில் 10 ஹெச்.பி. மோட்டார். "மாப்ளே, ஸ்டார்டர் அடிக்கடி ட்ரிப் ஆகுதுடா. வாழை வாடுது. நீ கரண்ட் படிப்புதானே படிக்கிற, என்னன்னு பாரு" என்றார்.

பார்த்தேன். மோட்டார் நேம் பிளேட்டில் 14 ஆம்பியர் என்று இருந்தது. ஓவர்லோடு ரிலே 8 ஆம்பியரில் வைக்கப்பட்டிருந்தது. செல்போனில் தேடினேன். "ரிலேயை மோட்டாரின் முழுச்சுமை கரண்ட் அளவுக்கு வைக்க வேண்டும்" என்று ஒரு வரி கிடைத்தது. ஆகா, கண்டுபிடித்துவிட்டோம் என்று துள்ளினேன். பழைய ரிலே 10க்கு மேல் போகாது. டவுனில் 15 வரை போகும் ரிலே வாங்கி வந்து மாட்டி, 14-ல் வைத்தேன். ட்ரிப் ஆவது நின்றுவிட்டது. அன்றைக்கு அத்தை எனக்குக் கறிக்குழம்பு வைத்துப் போட்டார்.

பதினோராம் நாள் மோட்டாரிலிருந்து வார்னிஷ் கருகும் வாசம் வந்தது. காயில் போய்விட்டது.

காயில் கட்டும் பட்டறை அண்ணன் ஸ்டார்டர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, இது ஸ்டார் டெல்டா. இந்தப் பெட்டியில ரிலே இருக்கிற இடத்துல லைன் கரண்ட் முழுசாப் போகாது. 58 பர்சன்ட்தான் போகும். 14-க்கு 8 வைக்கணும். சரியா இருந்ததை எவன் மாத்துனது?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். லைன் கரண்ட்டை ரூட் 3 ஆல் வகுத்தால் ஃபேஸ் கரண்ட். நானே பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியதுதான்! நான் வைத்த 14-க்கு, லைனில் 24 ஆம்பியரைத் தாண்டினால்தான் ரிலே அசையும். லோ வோல்டேஜில் கரண்ட் ஏற ஏற, மோட்டாரைக் காப்பாற்ற வேண்டிய ரிலே தூங்கிக்கொண்டிருந்தது. அது அடிக்கடி ட்ரிப் ஆனது கோளாறே அல்ல. அதன் வேலையைத்தான் அது செய்துகொண்டிருந்தது.

மாமா திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"யாரு சொன்னதுடா 14-ல வைக்கச் சொல்லி?"

"நெட்டுல போட்டிருந்துச்சு மாமா."

"நெட்டுன்னா யாரு?"

நண்பர்களே, அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. எந்தப் பக்கத்தில் படித்தேன், அதை எழுதியது யார், எந்த மாதிரி ஸ்டார்டருக்கு எழுதினார், எதுவுமே தெரியாது. முதலில் வந்ததை அழுத்தினேன், முதல் வரியைப் படித்தேன், அவ்வளவுதான். நேரடி ஸ்டார்டருக்கு அந்த வரி சரியானதே. தவறு வரியில் இல்லை, என்னிடம்தான் இருந்தது.

"நெட்டுன்னா யாரு?" இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் நாம் எல்லோரும் ரெக்கார்டு நோட்டுக்கும் செமினாருக்கும் தினமும் திறக்கிற விக்கிபீடியாவைக் கொஞ்சம் ஆராய்ந்தேன். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற அந்தக் கலைக்களஞ்சியத்தை நம்பலாமா? வாருங்கள், பார்ப்போம்.

பிறந்த கதை

அந்தக் காலத்துக் கலைக்களஞ்சியம் அறிஞர்கள் கூடி எழுதுவது. நம் தமிழிலேயே பெரியசாமித் தூரன் அவர்களை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வெளியிட்டது. எத்தனை பேருடைய உழைப்பு! ஆனால் அச்சில் ஒரு பிழை ஏறிவிட்டால், அடுத்த பதிப்பு வரும்வரை அது அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

2000-ம் ஆண்டு அமெரிக்காவில் ஜிம்மி வேல்ஸ், லாரி சாங்கர் இருவரும் நியூபீடியா என்ற இண்டர்நெட் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கினார்கள். அதிலும் அறிஞர்கள்தான் எழுதினார்கள். ஒவ்வொரு கட்டுரையும் ஏழு கட்டச் சோதனையைத் தாண்ட வேண்டும். பலன்? 2003-ல் அதை மூடியபோது முழுதாகத் தேறிய கட்டுரைகள் முப்பதைக்கூடத் தொடவில்லை.

இடையில், கட்டுரைகளைச் சீக்கிரம் தயார் செய்ய ஒரு துணை ஏற்பாடாக, 2001 ஜனவரி 15-ம் தேதி விக்கிபீடியாவைத் தொடங்கினார்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். துணைக்கு வந்தது தலைமைக்கு வந்துவிட்டது! இன்று ஆங்கிலத்தில் மட்டும் ஏறக்குறைய 70 லட்சம் கட்டுரைகள். 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிபீடியாவும் ஒன்றரை லட்சம் கட்டுரைகளைத் தாண்டிவிட்டது.

'விக்கி' என்றால் ஹவாய் மொழியில் 'வேகம்' என்று பொருள். 1995-ல் வார்ட் கன்னிங்ஹாம் என்ற புரோகிராமர், படிப்பவரே திருத்தக்கூடிய இணையப் பக்கத்தை உருவாக்கியபோது, ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடும் 'விக்கி விக்கி' பஸ்ஸின் பெயரையே அதற்கு வைத்தார். பஸ் பெயரில் ஒரு கலைக்களஞ்சியம்! நமக்குப் பொருத்தம்தானே?

திறந்த வீட்டில் திருடன் வரமாட்டானா?

வருவான். தினமும் வருகிறான். ஆனால் அந்த வீட்டில் நாலு காவல் இருக்கிறது.

முதல் காவல், வரலாறு. ஒவ்வொரு கட்டுரையிலும் யார், எந்தத் தேதியில், எந்த நிமிஷத்தில், எந்த எழுத்தை மாற்றினார் என்பது அப்படியே பதிவாகிறது. தமிழ்ப் பக்கத்தில் மேலே 'வரலாற்றைக் காட்டவும்' என்று இருக்கும். ஒருவர் அழித்ததை இன்னொருவர் ஒரே அழுத்தில் திரும்பக் கொண்டுவரலாம்.

இரண்டாவது, கண்காணிப்பு. தனக்குப் பிடித்த கட்டுரையில் யாராவது கைவைத்தால் தகவல் வரும்படி எழுத்தாளர்கள் வைத்துக்கொள்ளலாம். கெட்ட வார்த்தை, பக்கத்தைக் காலி செய்வது போன்ற குறும்புகளைப் பிடிக்க ஆங்கில விக்கிபீடியாவில் 2010 முதல் 'க்ளூபாட் என்ஜி' என்ற தானியங்கி புரோகிராம் ஓடுகிறது. சில விநாடிகளில் திருத்திவிடும்.

மூன்றாவது, பூட்டு. அடிக்கடி சண்டை நடக்கும் கட்டுரைகளைப் புது ஆட்கள் தொட முடியாதபடி நிர்வாகிகள் பூட்டி வைப்பார்கள்.

நான்காவதுதான் முக்கியமானது, சான்று. விக்கிபீடியாவில் எழுதுபவர் "எனக்குத் தெரியும்" என்று எழுதக் கூடாது. எந்தப் புத்தகம், எந்தப் பத்திரிகை என்று அடிக்குறிப்புக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் யார் வேண்டுமானாலும் 'சான்று தேவை' என்று குறி போடலாம், நீக்கவும் செய்யலாம்.

இந்தக் காவல் எந்த அளவுக்குப் பலித்தது? 'நேச்சர்' என்ற அறிவியல் பத்திரிகை 2005 டிசம்பரில் ஒரு சோதனை நடத்தி வெளியிட்டது. 42 அறிவியல் தலைப்புகளில் விக்கிபீடியாக் கட்டுரையையும் பிரிட்டானிக்காக் கட்டுரையையும் அந்தந்தத் துறை நிபுணர்களிடம், எது எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் கொடுத்தார்கள். விக்கிபீடியாவில் 162 பிழைகள். பிரிட்டானிக்காவில் 123. பெரும் பிழை என்று பார்த்தால் இரண்டிலும் நாலு நாலு! பிரிட்டானிக்கா நிறுவனம் 2006-ல் இதைக் கடுமையாக மறுத்தது. நேச்சர் தன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

உடனே கைதட்டிவிட வேண்டாம் நண்பர்களே. இது ஆங்கிலத்தில், அறிவியலில், 42 தலைப்புகளில் மட்டும் நடந்த சோதனை. இதிலிருந்து எனக்குப் புரிந்தது இதுதான்: திறந்து வைத்ததாலேயே ஒன்று குப்பை ஆகிவிடாது. பெரியவர்கள் எழுதியதாலேயே ஒன்று பிழையில்லாமலும் போய்விடாது.

ரொட்டி சுட்ட பொய்

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். இது நம்மைப் போன்ற மாணவர்கள் செய்த வேலை.

2012 பிப்ரவரி. இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழக வகுப்பு. "விக்கிபீடியாவை நம்பாதீர்கள், என் நண்பர் ஒருவர் ரொட்டி சுடும் டோஸ்டரைக் கண்டுபிடித்தவர் தானே என்று அதில் எழுதி வைத்திருக்கிறார்" என்று ஆசிரியர் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த மாணவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தப் பெயரை எடுத்துவிட்டு, தங்களில் ஒருவர் பெயரைப் போட்டார்கள். 1893-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் அவர் எலெக்ட்ரிக் டோஸ்டரைக் கண்டுபிடித்தார் என்று எழுதினார்கள். அடுத்த வருஷம் அவருக்குத் தனி வாழ்க்கை வரலாறே எழுதினார்கள். போட்டோ வேண்டுமே? தங்கள் முகத்தையே பழைய காலத்துப் படம் மாதிரி கம்ப்யூட்டரில் மாற்றிப் போட்டுவிட்டார்கள்.

பத்து வருஷம் யாரும் கண்டுபிடிக்கவில்லை! பத்திரிகைகள் எழுதின. புத்தகங்களில் ஏறியது. ஸ்காட்லாந்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் பெயரால் ஒரு நாள் கொண்டாடினார்கள். 50 பவுண்ட் நோட்டில் எந்த விஞ்ஞானி படம் போடலாம் என்று இங்கிலாந்து வங்கி 2018-ல் மக்களைக் கேட்டபோது, வந்த பட்டியலில் இந்தப் பெயரும் இருந்தது. கடைசியில் 2022-ல் 15 வயதுப் பையன் ஒருவன் அந்தப் போட்டோவைப் பார்த்து, "இது என்னமோ ஒட்டு வேலை மாதிரி இருக்கே" என்று சந்தேகப்பட்டான். அதோடு எல்லாம் உடைந்தது.

இதில் பயங்கரம் எது தெரியுமா? பொய் எழுதியது அல்ல. அதைப் பார்த்துப் பத்திரிகை எழுதியது. அந்தப் பத்திரிகையைச் சான்றாக விக்கிபீடியாவில் காட்டலாம் என்று ஆனது. இவன் அவனைக் காட்டுகிறான், அவன் இவனைக் காட்டுகிறான். செக்கு மாடு சுற்றுவது போலப் பொய் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி மெய் ஆகிவிடுகிறது. கோவாட்டி என்ற தென்னமெரிக்கப் பிராணிக்கு 2008-ல் ஒரு மாணவர் விளையாட்டாக 'பிரேசில் ஆர்ட்வார்க்' என்று விக்கிபீடியாவில் பெயர் வைத்தார். சில வருஷங்களில் அது பத்திரிகைகளுக்கும் பல்கலைக்கழக வெளியீடு ஒன்றுக்கும் போய்விட்டது.

சரி, நாம் அந்த டோஸ்டர் கட்டுரையைப் படித்திருந்தால் பிடித்திருப்போமா? எலெக்ட்ரிகல் பிரிவு நண்பர்களே, உங்களுக்குத்தான் இந்தக் கேள்வி. டோஸ்டரின் உள்ளே இருப்பது நிக்ரோம் கம்பி. நிக்கல் 80, குரோமியம் 20. செக்கச் சிவக்கக் காய்ந்தாலும் மேலே ஆக்சைடு படலம் பிடித்துக்கொண்டு எரியாமல் நிற்கும். அதற்கு ஆல்பர்ட் மார்ஷ் பேடன்ட் வாங்கியது 1906-ல். அப்படியானால் 1893-ல் இவர் எந்தக் கம்பியில் ரொட்டி சுட்டார்? இரும்புக் கம்பி சிவந்தால் காற்றில் கருகி அறுந்துவிடுமே? இந்தக் கேள்வி ஒன்றே பொய்யை நிரூபித்துவிடாது. ஆனால் "இரு, இன்னும் பார்ப்போம்" என்று நம்மை நிறுத்தும். அந்தப் பையனுக்குப் போட்டோ; நமக்குக் கம்பி!

நம் நாட்டைப் பற்றியும் ஒரு புளுகு உண்டு. 1640-41-ல் கோவாப் பக்கம் பிச்சோலிமில் போர்ச்சுகீசியருக்கும் மராட்டியப் பேரரசுக்கும் போர் நடந்ததாக 2007-ல் ஆங்கில விக்கிபீடியாவில் நீளமான கட்டுரை வந்தது. அடிக்குறிப்பு நிறைய. 'நல்ல கட்டுரை' என்று முத்திரையும் கிடைத்தது. 2012 கடைசியில் ஒருவர் அந்த அடிக்குறிப்புகளைத் தேடிப் போனார். பல புத்தகங்கள் உலகத்திலேயே இல்லை! போரும் இல்லை. ஆனால் சற்றே சிந்தித்துப் பாருங்கள். 1640-ல் சிவாஜிக்கு வயது பத்து. அவர் முடிசூட்டிக்கொண்டது 1674-ல். பிறகு மராட்டியப் பேரரசு எங்கிருந்து வந்து போர் செய்தது? பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகம் போதும், இதைப் பிடிக்க.

தமிழ்ப் பக்கத்துக்கு எத்தனை கண்?

விக்கிபீடியாவின் பலமே பல பேர் பார்ப்பதுதான். அப்படியானால் பார்ப்பவர் குறைந்த இடத்தில்?

ஸ்காட்ஸ் என்று ஒரு மொழி. ஸ்காட்லாந்தில் பேசுவது. அந்த மொழி விக்கிபீடியாவில் 20,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளை எழுதியவர், அந்த மொழியே சரியாகத் தெரியாத ஓர் அமெரிக்கச் சிறுவர். பன்னிரண்டு வயதில் ஆரம்பித்து, ஆங்கில வார்த்தைகளை அகராதி பார்த்து மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை; ஆர்வம்தான். 2020-ல்தான் வெளியே தெரிந்தது. அத்தனை வருஷமும் அதைக் கவனித்துத் திருத்த அந்த மொழிக்காரர்கள் போதுமான அளவு இல்லை.

தமிழ் விக்கிபீடியாவில் உழைக்கிற நல்லவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் கண்கள் குறைவுதான். நம் துறைக் கட்டுரைகளை எடுத்துப் பாருங்கள். பல நாலு வரியோடு நின்றுவிடுகின்றன. அதற்குக் காரணம் யார்? லேத்தும் வெல்டிங்கும் டிரான்ஸ்ஃபார்மரும் தெரிந்த நாம் எழுதவில்லை!

ஒரு பானை சோறு

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பார்கள். விக்கிபீடியாவுக்கு இந்தப் பழமொழி செல்லாது. ஏனென்றால் அது ஒரு பானை இல்லை. லட்சக்கணக்கான பானை! ஒவ்வொன்றுக்கும் அடுப்பு வேறு, சமைத்தவர் வேறு. ஒரு கட்டுரை சரியாக இருந்தது என்று அடுத்ததை நம்ப முடியாது. ஒன்று தப்பாக இருந்தது என்று எல்லாவற்றையும் கொட்டவும் முடியாது. ஆகவே "விக்கிபீடியாவை நம்பலாமா?" என்ற கேள்வியே சரியில்லை. "இந்தக் கட்டுரையின் இந்த வரியை நம்பலாமா?" என்றுதான் கேட்க வேண்டும்.

அதற்கு நான் செய்யும் சோதனைகள் இவை. உங்களுக்கும் பயன்படலாம்.

1. அந்த வரிக்கு அடிக்குறிப்பு எண் இருக்கிறதா? இருந்தால் அதை அழுத்திப் போய்ப் படியுங்கள். எண் இருப்பது வேறு, அந்தப் புத்தகத்தில் அந்த விஷயம் இருப்பது வேறு. பிச்சோலிமை மறக்க வேண்டாம்.

2. சான்றின் தேதியைப் பாருங்கள். விக்கிபீடியாவில் அந்த வரி வந்த பிறகு எழுதிய பத்திரிகை என்றால், அவரும் இங்கே பார்த்து எழுதியிருக்கலாம்.

3. 'வரலாறு' பகுதியைத் திறந்து பாருங்கள். நேற்று ராத்திரி மாற்றப்பட்ட எண் என்றால் பொறுங்கள்.

4. 'உரையாடல்' பக்கத்தைப் பாருங்கள். கட்டுரை பற்றிய சண்டையெல்லாம் அங்கேதான் நடக்கும். எதில் சந்தேகம் இருக்கிறது என்று அதிலேயே தெரியும்.

5. தமிழ்ப் பக்கத்தையும் ஆங்கிலப் பக்கத்தையும் ஒப்பிடுங்கள். எண் வேறுபட்டால் மூலத்துக்குப் போங்கள்.

6. முழுதும் படியுங்கள். "எந்த நிலையில் இது பொருந்தும்?" என்று கேளுங்கள். என் மாமா மோட்டார் போனது இதில்தான்.

7. உயிரோ, பிறர் பணமோ சம்பந்தப்பட்டது என்றால் கலைக்களஞ்சியத்தோடு நிற்காதீர்கள். கரண்ட்டுக்கு நேம் பிளேட், கம்பெனி கையேடு, இந்தியத் தரநிலை. மாத்திரைக்கு டாக்டர். விக்கிபீடியாவே தன்னைச் சான்றாகக் காட்டாதீர்கள் என்றுதான் தன் விதிப் பக்கங்களில் சொல்கிறது. அது வழிகாட்டிப் பலகை, ஊர் அல்ல.

இப்போது இன்னொன்றும் வந்திருக்கிறது. 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்த பிறகு, கேள்வி கேட்டால் அதுவே கோவையாகப் பதில் எழுதித் தருகிறது. அசைன்மென்ட் அஞ்சு நிமிஷத்தில் முடிகிறது. அது கற்றுக்கொண்டவற்றில் விக்கிபீடியாவும் ஒன்று. ஆனால் விக்கிபீடியாவில் இருக்கிற 'வரலாறு' அந்தப் பதிலில் இல்லை. யார் எழுதியது, யார் திருத்தியது என்று பார்க்க வழியில்லை. இல்லாத புத்தகத்தின் பெயரைக்கூடத் தைரியமாகச் சொல்லிவிடுகிறது. மாமாவின் கேள்வி அங்கே இன்னும் அவசியம்.

யாரோ ஒருவர் கேட்ட அதே கேள்வி

கடைசியாக ஒன்று. காயில் கட்டிய பிறகு எனக்கு ஒரு வேகம் வந்தது. இனி எவனும் என்னைப் போல ஏமாறக் கூடாது என்று, விக்கிபீடியாவில் மோட்டார் சம்பந்தமான தமிழ்ப் பக்கம் ஒன்றில், ஸ்டார் டெல்டாவில் ரிலேயை 58 சதவீதத்தில் வைக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தேன். ஒரு மணி நேரம்கூட இருக்காது. யாரோ அதை நீக்கிவிட்டார்கள். காரணம் எழுதியிருந்தார்கள்: சான்று இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. எட்டாயிரம் ரூபாய் கொடுத்துக் கற்ற பாடம்! பொய்யா சொல்கிறேன்? ராத்திரி படுத்து யோசித்தபோதுதான் உறைத்தது. முகம் தெரியாத அந்த ஆள் கேட்டதும் மாமா கேட்டதும் ஒரே கேள்வி. "யாரு சொன்னதுடா?"

லீவு முடிந்து வந்ததும் லைப்ரரிக்குப் போனேன். மின் இயந்திரங்கள் பற்றிய புத்தகத்தில் அந்த விளக்கம் முழுதாக இருந்தது. படமும் இருந்தது. அதில் நான் கவனிக்காத இன்னொன்றும் தெரிந்தது. ரிலே ஃபேஸ் பக்கம் இருந்தால்தான் 58 சதவீதம். லைன் பக்கமே மாட்டியிருந்தால் முழுக் கரண்ட்டுக்குத்தான் வைக்க வேண்டும். நான் முதலில் எழுதிய வரியில் இந்த வித்தியாசமே இல்லை. அதை நம்பி எவராவது தப்பாக வைத்திருந்தால்? நீக்கியவருக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன். இரண்டு நிலையையும் பிரித்து எழுதி, புத்தகத்தின் பெயரும் பக்க எண்ணும் போட்டு மறுபடி சேர்த்தேன். இந்த முறை நிற்கிறது. நாளைக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் திருத்தினால் அதுவும் நல்லதே.

பொங்கல் லீவில் மாமா வீட்டுக்குப் போனேன். கடனுக்குக் காயில் கட்டிய மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. "மாப்ளே, ரிலே 8-லதான் இருக்கு. சரிதானே? யாரு சொன்னது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். புத்தகத்தின் பெயரைச் சொன்னேன், பக்கத்தைச் சொன்னேன். பட்டறை அண்ணன் சொன்னதும் அதுவேதான் என்றேன். மாமாவுக்கு அந்தப் புத்தகம் தெரியாது. ஆனால் தலையை ஆட்டினார்.

நண்பர்களே! நம்மில் பல பேர் வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்கிறவர்கள். நம் அப்பா அம்மா விக்கிபீடியாவைப் படிக்கப் போவதில்லை. அவர்கள் படிப்பது நம்மைத்தான். நம் வாயிலிருந்து வருவதை அப்படியே நம்பி மோட்டாரைப் போடுகிறார்கள், மாத்திரையை விழுங்குகிறார்கள். நம்மை யாரும் திருத்த முடியாது, அடிக்குறிப்புக் கேட்க முடியாது. ஆகவே நாமேதான் நமக்குக் காவல்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் பெரியவர்கள் வாக்கு. விசாரிப்போம். தெரியாததைத் தெரியாது என்போம். தெரிந்ததைச் சான்றோடு தமிழில் எழுதி வைப்போம்.

அடுத்த முறை யாராவது நம்மிடம் "யாரு சொன்னது?" என்று கேட்டால், "நெட்டுல போட்டிருந்துச்சு" என்று சொல்லாமல் இருப்போமா?



- இரண்டாம் ஆண்டு மாணவன்,
மின் மற்றும் மின்னணுவியல் பிரிவு